அரைக் கிரவுண்டு

நான் ஒரு நிலச்சுவான்தார் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். நான் வாடகை பாக்கி வைத்த மாதங்கள் அவருக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனாலும் அது உண்மை. கூடுவாஞ்சேரிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிஷம் நடந்தால், வேலிகாத்தான் புதர்களைத் தாண்டி 1200 சதுர அடி பூமி என் பெயரில் இருக்கிறது. சென்னைக் கணக்கில் அரைக் கிரவுண்டு. சுண்ணாம்பு அடித்த நாலு கல்லுக்கு நடுவில் கிடக்கும் அந்த மண் எனக்குச் சொந்தம். அப்படித்தான் 17 வருஷ காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நாவலாசிரியன் இரண்டு பக்கம் எழுதிவிடுவான். ஆனால் நிலத்தின் விஷயத்தில் அந்த அர்த்தத்தைச் சொல்கிறவன் அவன் அல்ல, மாநில சர்க்கார். இதை நான் மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைப்படத் தக்கதாக இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கையில் நாலு காசு சேர்ந்ததும் "ஒரு மனை வாங்கிப் போட்டுவைப்போமா?" என்று யோசிக்கும் வாசகர்கள் இன்றும் இருக்கத்தான் இருப்பார்கள்.

1999 ஆம் வருஷம் நான் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காரியாலயத்தில் பிழை திருத்தும் நண்பர் ஒருவர் இருந்தார். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. என் கதாநாயகி பச்சைப் புடைவையில் புறப்பட்டு அதே அத்தியாயத்தில் நீலப் புடைவையில் போய் இறங்கியதைக் கண்டுபிடித்து என் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். சந்தேகம் வந்தால் அவராகத் திருத்தமாட்டார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு எனக்கு அனுப்புவார். நான் பார்த்துத் திருத்துவேன்; சோம்பலாக இருந்தால் "இருக்கட்டும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த "இருக்கட்டும்" பின்னால் எனக்கு என்ன பாடம் கற்பித்தது என்பதுதான் இந்தக் கதை.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தாம்பரத்திலிருந்து மனை பார்க்க வேன் விடுவார்கள். வேன் இலவசம். மத்தியானச் சாப்பாடும் இலவசம். ஒரு ஞாயிறன்று நண்பரையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், அவர் வர மனமில்லாமல்தான் வந்தார். அவருக்கு அப்போது நாலு வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். "குழந்தை பெயருக்கு ஏதாவது சேர்க்க வேண்டாமா?" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

பன்னிரண்டு ஏக்கர் புஞ்சை நிலம். கலர் கலராகக் கொடிகள் நட்டிருந்தார்கள். வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. வாசலில் ஓர் அம்மன் பெயரில் "நகர்" என்று வளைவு. ஓரமாக ஏரிக்கரை, நல்ல காற்று. கையில் நீல நிற வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் எங்களை வரவேற்றான். சதுர அடி 45 ரூபாய், அரைக் கிரவுண்டு 54,000 ரூபாய், தவணையில் தரலாம்.

நண்பர் வரைபடத்தை வாங்கி, காலிப் புரூபைப் பார்ப்பதுபோல் மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்ரூவல் இருக்கா தம்பி?"

"பஞ்சாயத்து அப்ரூவ்டு சார். தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு."

"நகரமைப்புத் துறை அப்ரூவல்?"

"அது எதுக்கு சார்? ரிஜிஸ்டர் ஆகுதா இல்லையான்னு பாருங்க. சர்க்கார் ஆபீஸ்ல, சர்க்கார் முத்திரை குத்தி, உங்க பேருக்குப் பத்திரம் கைக்கு வந்துடும். அதுக்கு மேல ஒரு அப்ரூவல் உண்டா?"

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பென்சில் கேள்விக்குறி இருந்தது. வரும் வழியில் இரண்டு மைலுக்கு முன்னால் இன்னொரு மனைப்பிரிவைப் பார்த்திருந்தோம். அதற்கு நகரமைப்புத் துறையின் அனுமதி இருந்தது. ஆனால் சதுர அடி 80 ரூபாய். அரைக் கிரவுண்டு 96,000.

"சார், கொஞ்ச நாள் பொறுத்து அதையே வாங்கிடலாமே?" என்றார் நண்பர்.

"நாம் என்ன நாளைக்கே வீடு கட்டப் போகிறோமா? வாங்கிப் போட்டுவைப்போம். இருக்கட்டும் ஐயா!" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைக்கு முன்பணம் கட்டிவிட்டு, இலவசச் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

தவணை முடிந்து பத்திரம் பதியப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. முத்திரைத்தாள் சரியா, சாட்சி வந்திருக்கிறார்களா, கட்டைவிரல் ரேகை விழுந்ததா, அவ்வளவுதான். அதற்குக் காரணம் உண்டு. 1908 ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது. பாத்தியதைக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. நீங்களும் நானும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம் என்பதற்கு அந்த அலுவலகம் சாட்சி. நீங்கள் விற்றது விற்கத்தக்கதா, நான் வாங்கியதில் வீடு கட்டலாமா என்பதெல்லாம் அதன் கவலை அல்ல. கையில் சர்க்கார் முத்திரை விழுந்த காகிதம் இருந்தால் சர்க்காரே நமக்கு ஜாமீன் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பை வைத்துத்தான் அந்த இளைஞன் வியாபாரம் செய்தான்.

இதற்கு அடுத்த தெருவில், இன்னொரு சர்க்கார் இலாகாவில், இன்னொரு சட்டம் இருந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டுமானால் முன்னதாக அனுமதி வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. பஞ்சாயத்துத் தலைவர் தாமாகவே ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது மனைப்பிரிவு ஆகிவிடாது. இரண்டு சட்டமும் ஒரே சர்க்காரின் கையில்தான் இருந்தன. ஆனால் ஒரு கை பிரிக்கக் கூடாது என்றது. மற்றக் கை பிரித்ததைப் பதிந்து, முத்திரைத் தீர்வையும் வாங்கிக்கொண்டது. மாமியார் உடைத்த மண்சட்டியும் மருமகள் உடைத்த பொன்சட்டியும் ஒரே வீட்டில் இருந்த கதைதான்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏமாந்தேன், ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்வது சுகமான காரியம். நான் ஏமாறவில்லை. 80 ரூபாய் மனைக்கும் 45 ரூபாய் மனைக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்க எனக்குப் புத்தி இருந்தது, கேட்காமல் இருந்தேன். விடை மிகவும் எளிது. அனுமதி பெறும் மனைப்பிரிவில் விதிப்படி அகலமான சாலை விட வேண்டும். இடம் பெரிதாக இருந்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவாகவோ விளையாட்டிடமாகவோ ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் போகும் வழியை மறிக்கக் கூடாது. இப்படி விட்டதெல்லாம் மிச்ச மனைகளின் விலையில் ஏறுகிறது. எங்கள் அம்மன் நகரில் சாலை பதினாறு அடி. பூங்கா கிடையாது. பூங்கா இருந்திருக்க வேண்டிய இடத்தையும் கல் நட்டு விற்றிருந்தார்கள். ஆகவே நான் மிச்சம் பிடித்த 42,000 ரூபாய் எங்கிருந்தோ வந்தது அல்ல. ஒரு சாலையின் அகலத்திலிருந்தும், குழந்தைகள் ஓடி விளையாடாத ஒரு மைதானத்திலிருந்தும் வந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக ஹோசூர் போயிருந்தேன். அங்கே சிநேகிதர் ஒருவரிடம் என் நிலச்சுவான்தார் பெருமையை அளந்தேன். அவர் கர்நாடக எல்லைப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "இங்கே நீர் தாராளமாக வயல் வாங்கலாம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் முடியாது. பேனா பிடிக்கிறவனுக்கு அங்கே வயல் கிடையாது."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிலம் என்பது நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் தேசம் ஒன்றுதான் என்றாலும் மண்ணின் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதை 1961 ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79 ஏ, 79 பி பிரிவுகள் தடுத்துக்கொண்டிருந்தன. 2020 இல்தான் அவை நீக்கப்பட்டன. இமாசலப் பிரதேசத்தில் 1972 ஆம் வருஷத்துச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு இன்றைக்கும் வெளியாட்களைத் தடுக்கிறது. கேரளத்தில் 2008 முதல் நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் மேடாக்கி மனை போடக் கூடாதென்று தனிச் சட்டமே உண்டு. தமிழ்நாட்டிலோ நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1961 இல் 30 தர ஏக்கராக இருந்தது, 1970 இல் 15 ஆயிற்று. ஆனால் அந்த வரம்புக்குள் வாங்குகிறவன் உழுகிறவனா என்று யாரும் கேட்பதில்லை. ஏர் பிடித்தவனிடமிருந்து வாங்கி, கல் நட்டு, என்னைப் போன்றவனிடம் விற்க வழி திறந்தே கிடந்தது. அன்று அந்த வழியில் காவல் இருக்க வேண்டிய ஒரே சட்டம் அந்த 1971 ஆம் வருஷத்துச் சட்டம்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கும் சட்டத்தைப்பற்றி நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. சட்டமே இல்லாவிட்டால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். கண்டிப்பான சட்டம் இருந்தாலும் பிழைத்துக்கொள்வார்கள். சட்டம் இருந்தும் தூங்குமானால், அதன் தூக்கமே விலைபோகும் சரக்கு ஆகிவிடுகிறது. 45 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது அதைத்தான்.

நண்பர் 2013 இல் காலமானார். அவர் விட்டுப்போனவை ஒரு தையல் மெஷின், நாலு அலமாரி புத்தகம், அந்த அரைக் கிரவுண்டு.

2015 டிசம்பர் மழையைச் சென்னைவாசிகளுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மழை விட்ட ஐந்தாம் நாள் மனையைப் பார்க்கப் போனேன். எங்கள் வரிசையில் முழங்கால் தண்ணீர். அடுத்த தெருவில் இடுப்பளவு. அந்தத் தெருவில் நாலைந்து பேர் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். மொட்டை மாடியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏரி நிரம்பினா தண்ணி போற வாய்க்கால் இதுதானாங்க. கல்லு நடும்போது யாரும் சொல்லல. தண்ணிதான் வந்து சொல்லுது" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

மறு வருஷம் நண்பரின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதம் முகூர்த்தம். மனையை விற்றுக் கல்யாணச் செலவைப் பார்த்துக்கொள்வது என்று அந்த அம்மாள் முடிவு செய்தாள். சதுர அடி 900 ரூபாய்க்கு அரசுப் பஸ் நடத்துநர் ஒருவர் வாங்க முன்வந்தார். 54,000 ரூபாய் மனை பத்து லட்சத்து எண்பதாயிரம் ஆகிவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா அம்மா, அன்றைக்கு நான் இழுத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று!" என்று பெருமையடித்துக்கொண்டேன். நடத்துநர் இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தார். அது நகைக்கடைக்கும் மண்டபத்துக்கும் போயிற்று. பிள்ளையார் சதுர்த்தி கழிந்து அடுத்த வாரம் பத்திரம் என்று பேச்சு.

2016 செப்டம்பர் 9 ஆம் தேதி வெள்ளிக்கிழமை சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. விளைநிலங்கள் முறையில்லாமல் மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்திருந்த பொதுநல வழக்கு அது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு, அங்கீகாரமில்லாத மனைகளையும் அவற்றின் மேல் கட்டிய கட்டடங்களையும் இனிப் பதியக் கூடாது என்று தடை விதித்தது. ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் எங்களைப் போன்றவர்களின் சொத்து வெறும் காகிதமாயிற்று. விற்க முடியாது, வாங்க முடியாது, பெண்ணுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதவும் வழியில்லை.

அடுத்த மாதம் சர்க்காரும் விழித்துக்கொண்டது. அனுமதி இல்லாத மனையைப் பதியக் கூடாதென்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சட்டசபை 2008 இலேயே நிறைவேற்றியிருந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2016 அக்டோபர் 20. எட்டு வருஷத் தூக்கம்! அந்த எட்டு வருஷத்தில் எத்தனை வளைவுகள், எத்தனை வெள்ளைக் கற்கள், எத்தனை இலவசச் சாம்பார் சாதங்கள்!

நடத்துநர் வந்தார். நல்ல மனிதர். அவர் பணமும் கடன் வாங்கிய பணம்தான். "நான் உங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா பணம் வேணுமே" என்றார். அந்த அம்மாளிடம் பணம் இல்லை. இரண்டு பேரும் நியாயஸ்தர்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு லட்ச ரூபாய் ஒரு குழியாக நின்றது.

பதிப்பாளரிடம் எழுதாத ஒரு நாவலுக்கு முன்பணம் வாங்கி, கைச்சேமிப்பையும் சேர்த்து, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய பாக்கி அது. அந்த அம்மாள் புரோநோட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் பணத்தைத் தொட்டாள். மண்டபம் ரத்தாகி, தை மாதம் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது.

2017 மே 4 ஆம் தேதி சர்க்கார் வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 ஆம் தேதிக்குள் விற்றுப் பதிவான மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்கு செய்து கொடுப்பது என்று ஏற்பாடு. நீர்நிலையில் விழுந்தவற்றுக்கும் புறம்போக்குக்கும் அது கிடையாது. அதே மாதம் நீதிமன்றத் தடையும் தளர்ந்தது. முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதிவதற்கு வழி பிறந்தது. ஆனால் வரன்முறை ஆகாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. இந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். இதற்குள்தான் நான் விழப்பார்த்தேன்.

தரகர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "தடை போயிடுச்சு சார். அந்த அம்மா மனை பழைய பதிவு. தாராளமா கிரயம் பண்ணலாம். வெளியூர் ஆள் ஒருத்தர் இருக்கார், பட்டணத்து விவரம் அதிகமா தெரியாது. வரன்முறை அது இதுன்னு நாம ஒண்ணும் பேச வேண்டாம். அது அவர் பாடு."

இரண்டு லட்சம் வெளியே நிற்கிறது. நாவலின் முதல் அத்தியாயம்கூட எழுதவில்லை. பதிப்பாளர் வாரம் இருமுறை போன் செய்கிறார். நான் அந்த அம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "சட்டப்படி தப்பே இல்லை அம்மா" என்று அழுத்திச் சொன்னேன்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அவர் அதுல வீடு கட்டலாமாண்ணா?"

"உடனே முடியாது. கட்டணம் கட்டி வரன்முறை வாங்கினால் கட்டலாம்."

"அதை அவர்கிட்ட சொல்லுவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவர் மனை வாங்கின அன்னிக்கு ராத்திரி என்கிட்ட சொன்னார். 'அப்ரூவல் இருக்கான்னு கேட்டேன். சரியா பதில் வரலை. சார் தைரியம் சொன்னார், வாங்கிட்டேன்' அப்படின்னு" என்றாள்.

குற்றம் சாட்டும் குரலே அல்ல. நேற்று என்ன சமையல் என்று சொல்வதுபோல் சொன்னாள். பதினெட்டு வருஷம் முன்னால் நான் "இருக்கட்டும்" என்று அடித்துவிட்ட கேள்விக்குறி திரும்பவும் பக்கத்தின் ஓரத்தில் வந்து நின்றது. இந்தத் தடவை சட்டமே எனக்குத் துணை நின்றது. ஆனாலும் அடிக்கக் கை வரவில்லை.

பிறகு நடந்தது நீண்ட அலைச்சல். மனை போட்டு விற்றவர்களின் ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. மனைக்காரர்களே ஒன்றுசேர்ந்தோம். தனித்தனி மனைக்கு முன்னால் மனைப்பிரிவு முழுவதன் வரைபடத்துக்கும் இசைவு வாங்க வேண்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம். வரன்முறைக் கட்டணம், அபிவிருத்திக் கட்டணம் என்று ரசீதுகள். கடைசித் தேதி பல தடவை நீண்டது. 1999 இல் நான் மிச்சம் பிடித்த பணம் வட்டியோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டினோம், உத்தரவும் வந்தது. ஆனால் கட்டணம் கட்டினால் பதினாறு அடிச் சாலை அகலமாகிவிடுமா? விற்ற பூங்கா திரும்பி வருமா? வரவில்லை. அடுத்த தெருவில் வாய்க்காலின் மேல் விழுந்த மனைகளுக்கு உத்தரவும் வரவில்லை. அந்த மொட்டை மாடிப் பெரியவர் அந்தத் தெருவில்தான் இருந்தார். எங்கள் காகிதங்களெல்லாம் சரியான அன்றைக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன், வாயில் போட்டுக்கொள்ள முடியவில்லை.

2019 இல் ஒரு நர்ஸும் அவள் கணவனும் அந்த அம்மாளின் மனையை வாங்கினார்கள். அதற்குள் சர்க்கார் வேறு கணக்குகளையும் மாற்றியிருந்தது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவிகிதத்திலிருந்து 4 ஆக ஏற்றியிருந்தார்கள்; முத்திரைத் தீர்வை வகையில் 7 சதவிகிதம் வேறு. நூற்றுக்குப் பதினொன்று! 2023 இல் அந்த மதிப்பைப் பழையபடி உயர்த்திக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். மனை வாங்குகிறவன் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டால் போதாது. மாநில சர்க்கார் என்ற மூன்றாவது பேர்வழி எப்போதும் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பேரம் கிடையாது.

இப்போது புதிதாக மனை போடுகிறவர்கள், இடம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டு இருந்தால், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்துகொண்டுதான் விற்க வேண்டும். மத்திய சர்க்கார் 2016 இல் செய்த சட்டம். அதற்குத் தமிழ்நாடு 2017 இல் விதிகள் வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் காவல்காரனும் தூங்கக்கூடியவனே என்பதை மறக்க வேண்டாம். வாங்குகிறவன் விழித்திருப்பதும், விலை ஏன் மலிவாக இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வதும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத கடமைகள்.

கிரயத்தன்று நானும் சாட்சியாகப் போயிருந்தேன். சார்பதிவாளர் நடுவயசு அம்மாள். பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திடீரென்று நிறுத்தி, கண்ணாடியை உயர்த்தி, "வரன்முறை உத்தரவு எங்கே? நம்பர் போடலையே?" என்று கேட்டார்.

பத்திர எழுத்தர் பதறிப்போய்ப் பையைத் துழாவினார். காகிதம் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்து, எண்ணை எழுதி முடிப்பதற்குள் எங்கள் முறை தள்ளிப்போய், மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நர்ஸுக்கு டியூட்டிக்குப் போக வேண்டிய அவசரம். எழுத்தர் முணுமுணுத்தார். நான் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் மிகவும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புரோநோட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைவூட்டினாள். பிறகு, "எதுக்கண்ணா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை இன்றைக்கு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் கேட்டுவிட்டார்" என்றேன்.